டாக்டரம்மா காரின் நீலப் புகை

அந்தக் காலை எனக்கு முதலில் வாசனையாகத்தான் நினைவுக்கு வருகிறது.

பீளமேடு சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருக்கிறேன். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று துப்பட்டாவை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. எனக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார். வெகு நேரமாகச் சமர்த்தாக உறுமிக்கொண்டு நின்றது. பச்சை விழுந்தது. கார் கிளம்பியது. அவ்வளவுதான், அதன் வாலிலிருந்து நீல நிறத்தில் ஒரு போர்வை விரிந்து வந்து என் தலையில் விழுந்தது.

வாணலியில் எண்ணெயை அடுப்பில் மறந்துவிட்டுப் போனால் ஒரு நாற்றம் வருமே, அதில் கொஞ்சம் தாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் புகுந்துகொண்டு வெளியே போக மாட்டேன் என்கிறது. கண்ணில் நீர் முட்டுகிறது. பக்கத்தில் நின்ற டவுன் பஸ்ஸின் படிக்கட்டிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கொசு மருந்து அடிக்கறதுக்குக் கார்ப்பரேசன்ல காரே வாங்கிப்போட்டாங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் இருமலுக்கு நடுவே சிரிக்கத் தொடங்கினேன். அதற்குள் காற்று புகையைக் கிழக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டது. காரின் பின் கண்ணாடி தெரிந்தது. அதன் மூலையில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர். எங்கள் பட்டறையின் ஸ்டிக்கர்.

சிரிப்பு நின்றுவிட்டது.

பம்ப்புக்காரர்

போன வாரம்வரை இந்தத் தொடரில் என் அலுவலகக் கதைகளைப் படித்துவந்தவர்களுக்கு என் கணவரைப் பற்றி அதிகம் தெரிந்திருக்காது. சிவக்குமார். பம்ப் கம்பெனி ஒன்றில் பல வருடம் டிசைன் பிரிவில் இருந்தார். தண்ணீரை எப்படிச் சுழற்றினால் எவ்வளவு மேலே ஏறும் என்பதுதான் அவர் வேலை. பிறகு ஒருநாள் அதை விட்டுவிட்டு, பழைய நண்பர் யூசுப்புடன் சேர்ந்து, பீளமேட்டில் மூடிப்போன ஒரு மில்லின் சுவரையொட்டிக் கார் பட்டறை தொடங்கினார்.

சாதாரணப் பட்டறை இல்லை. ஓடுகிற காரின் எஞ்சினைப் பிரித்து, உள்ளே இருப்பவற்றைப் பலமாக மாற்றி, பெரிய டர்போ ஒன்றைப் பொருத்தி, இரண்டு மடங்கு வேகத்தில் சீற வைக்கும் பட்டறை. இதற்கென்று ஒரு கூட்டம் கோவையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் செட்டிபாளையம் பக்கம் ரேஸ் டிராக்கில் அவர்களைப் பார்க்கலாம்.

டர்போ என்றால் என்ன என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். எஞ்சின் வெளியே தள்ளுகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். நடுவில் இருக்கும் தண்டு தேயாமல் இருக்க, எஞ்சின் ஆயில் மேலேயிருந்து வந்து அதை நனைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போகும்.

"இதுவும் பம்ப்புதான் கலா. தண்ணிக்குப் பதிலா காத்து. நான் ஒண்ணும் சோலிய மாத்தல" என்றார்.

யூசுப்பின் குடும்பம் கோட்டைமேட்டில் தலைமுறை தலைமுறையாக இரும்போடு பழகிய குடும்பம். இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். நாளெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள்.

பெண் பார்க்க வந்தவர்

கொஞ்சம் பின்னால் போகிறேன். புகையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் போக முடியாது.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் தாமதமாக வந்தார். அவர் வீட்டார் எல்லாரும் வந்து பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கிறது, மாப்பிள்ளையை மட்டும் காணோம். கடைசியில் வந்தவரின் வெள்ளைச் சட்டைக் கையில் கறுப்பாக ஒரு தீற்றல். என் அப்பா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு காரணம் கேட்டார்.

"முன்னால ஒரு வேன் வெள்ளைப் புகையா விட்டுட்டுப் போச்சுங்க. தண்ணி எஞ்சினுக்குள்ள போகுது. அவருக்குத் தெரியல. துரத்திப் புடிச்சு நிறுத்திச் சொல்லிப்போட்டு வந்தேன். அப்படியே ஓட்டியிருந்தா எஞ்சினே இறுகி நின்னுபோகும்."

"தெரிஞ்சவருங்களா?" என்றார் அப்பா.

"இல்லீங்க."

அம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக நடுரோட்டில் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றவரை என்ன சொல்வது என்று சமையலறையில் முணுமுணுத்தாள். நான் காபித் தட்டுடன் நின்றபோது அவர் என்னைச் சரியாகப் பார்த்தாரா என்பதே சந்தேகம். சட்டைக் கறையை மறைப்பதில் குறியாக இருந்தார். எனக்கு என்னவோ அந்தக் கறை பிடித்துப்போயிற்று.

"எந்தக் கலரு?"

சிக்னலைத் தாண்டி ஸ்கூட்டரை ஓரம்கட்டி அவருக்குப் போன் செய்தேன். உங்கள் ஸ்டிக்கர் ஒட்டிய கார் ஒன்று ஊரையே புகைமூட்டமாக்கிக்கொண்டு போகிறது என்றேன். அவர் யாருடைய கார் என்று கேட்கவில்லை.

"எந்தக் கலரு?"

"நீலம்."

"நிக்கறப்பவா, கிளம்பறப்பவா?"

"நிக்கறப்ப ஒண்ணுமில்ல. ரொம்ப நேரம் நின்னு கிளம்பினப்ப மொத்தமா வந்துச்சு."

"சரி, நீ ஆபீசு போ" என்று வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் இது பாலபாடம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. பெரும்பாலும் பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள கணக்கைச் சரிசெய்தால் போதும். வெள்ளைப் புகை விடாமல் வந்தால் தண்ணீர். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஆயில் எரிய வேண்டிய பொருள் இல்லை, அது இருக்கிற இடத்தை விட்டு எங்கோ வழி தவறிப் போகிறது. எங்கே என்பதுதான் கேள்வி. நிறம் மட்டும் போதாது, எப்போது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பார். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதா, மேடு ஏறும்போதா, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதா, நின்று கிளம்பும்போதா. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

சாயந்திரம் பட்டறைக்குப் போனேன். சாம்பல் நிறக் கார் உள்ளே நின்றது. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, கிளினிக்குக்கு லீவு விட்டு வந்திருந்த எஸ்தர்.

எஸ்தர் ஈரோட்டில் குழந்தைகள் டாக்டர். வாரத்தில் ஆறு நாள் சளி, காய்ச்சல், தடுப்பூசி. ஏழாம் நாள் சர்ச்சிலிருந்து நேராக டிராக்குக்கு வந்துவிடுவாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வளைவுகளில் அவள் காரைத் திருப்புவதைப் பார்த்தால், இவளிடமா பிள்ளைகள் அழாமல் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும். அந்த எஞ்சினை சிவா தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்திருந்தார்.

"சிவாண்ணா, மூச்சுத்திணறல்னு தினமும் எத்தனை குழந்தைங்க எங்கிட்ட வருது. நானே ரோடு பூரா புகை விட்டுட்டு வாரேன். எனக்கே வெக்கமா இருக்குது" என்றாள்.

"சரி பண்ணாம வண்டியத் தர மாட்டனுங்க டாக்டரம்மா" என்றார் இவர்.

மாற்றியும் மாறாத புகை

யூசுப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். "டர்போ சீல் போயிருச்சு. வேறென்ன?"

பார்ப்பவர் யாரும் அதைத்தான் சொல்வார்கள். டர்போவின் புகைப் பக்கத்துக் குழாயைக் கழற்றியதும் உள்ளே ஆயில் ஈரம் கறுப்பாக மினுங்கியது. டர்போ தண்டை நனைக்க வந்த ஆயில் கீழே இறங்காமல் சீல் என்கிற அடைப்பைத் தாண்டிக் கசிந்து, சூட்டில் எரிந்து, நீலப் புகையாகிறது. நியாயமான விளக்கம்.

சிவா மட்டும் அந்தத் தண்டை விரல் நுனியால் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டமே இல்லை. புது டர்போ. எஞ்சினின் அழுத்தத்தைச் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. ஆயில் இறங்கும் ஹோஸ் குழாயில் காற்றடித்துப் பார்த்தார்கள், தாராளமாகப் போனது. சரி என்று, பட்டறை அலமாரியில் இருந்த இன்னொரு டர்போவை எடுத்து மாட்டினார்கள்.

எஸ்தர் காரில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். சும்மா ஓட விட்டார்கள். யூசுப் டீ வாங்கி வந்தார். டீ குடித்து முடித்ததும் சிவா தலையை அசைத்தார். எஸ்தர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

மில் சுவர் வரைக்கும் நீலம்.

யூசுப் டம்ளரைக் கீழே வைத்தார். சிவா புகை கலைகிற வரை அங்கேயே நின்றிருந்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பயம்.

டர்போ இல்லையென்றால் எஞ்சின். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் சரியாக உட்காரவில்லை என்றால், எஞ்சினின் அடிவயிற்றில் காற்றழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்காது. அப்போது எந்த டர்போவை மாட்டினாலும் இதே புகைதான்; ஆயில் தீர்ந்தால் எஞ்சின் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடும். சும்மா ஓடும்போது எடுத்த சோதனையில் தெரியாதது ஓட்டத்தில் தெரியலாம். அந்த ரிங்குகளைத் தேர்ந்தெடுத்தவர் அவர். அளவெடுத்து மாட்டியவர் அவர்.

இதே மாதிரி அவர் பூட்டிய வண்டிகள் இன்னும் இரண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தன.

மேட்டுப்பாளையத்தில் ஒரு டீக்கடை

ஒன்று திருப்பூரில், பனியன் கம்பெனி முதலாளி ஒருவரிடம். இன்னொன்று கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் பழனிச்சாமி அண்ணனிடம். அவர் ரேஸுக்கெல்லாம் போகிறவர் இல்லை. குடும்பத்தோடு மலைக்குப் போகும்போது லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போவது பிடிக்காது, அதற்காக மட்டும் எஞ்சினைப் பலமாக்கிக்கொண்டவர்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. பட்டறையில்தான் இருந்தேன். சிவா போனை எடுத்தார். யூசுப் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கு?"

"பழனிச்சாமி அண்ணனுக்கு. இன்னைக்குக் கோத்தகிரி போறேன்னாரு."

"இருப்பா. நமக்கே இன்னும் என்னன்னு தெரியல. தெரியாம போன் பண்ணி என்னன்னு சொல்லுவ?"

"தெரியலன்னுதான் சொல்லோணும்."

"அவரு வண்டியில புகையே இல்லியே! இந்த லைன்ல பேரு ஒருதடவ கெட்டா கெட்டதுதான், சிவா. ரெண்டு நாள் பொறு. பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்லலாம்."

யூசுப்பைத் தவறாக நினைக்காதீர்கள். அவருக்கும் அந்தப் பட்டறைதான் வாழ்க்கை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"அவரு வண்டியில பேரப்பிள்ளை உக்காந்திருக்குது யூசுப்" என்றார் சிவா.

யூசுப் கையை எடுத்துவிட்டார்.

சிவா போனை ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் பஸ் ஹாரன், குழந்தையின் சிணுங்கல்.

"சொல்லுங்க தம்பி. மேட்டுப்பாளையத்துல டீ குடிச்சிட்டிருக்கறோம். என்னங்க விசேசம்?"

"அண்ணா, வண்டிய அங்கயே ஓரமா நிறுத்திப்போடுங்க. மலை ஏறாதீங்க."

"ஏனுங்க? வண்டி அருமையா ஓடுதுங்களே."

"தெரியுமுங்கண்ணா. உங்களுது மாதிரியே நான் பூட்டின இன்னொரு வண்டி ஆயில் எரிக்குது. காரணம் எனக்கு இன்னும் புடிபடல. அது தெரியற வரைக்கும் உங்க வண்டி மலை ஏற வேண்டாமுங்க. என்ற வண்டியக் கொண்டுட்டு வாரேன், நீங்க அதுல போங்க."

"வாங்க தம்பி. இங்கயே இருக்கறோம்."

அடுத்து திருப்பூர்க்காரருக்கு. அந்தப் பேச்சை நான் இங்கே எழுதப்போவதில்லை. கெட்ட வார்த்தைகளைத் தவிர்த்தால் எழுத அதிகம் மிச்சமிருக்காது. சிவா "சரீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்ததும் யூசுப் கேட்டார், "வண்டிய நிறுத்தறேன்னாரா?" நிறுத்துவதாகச் சொல்லித்தான் திட்டினாராம். "அது போதும்" என்றார் சிவா.

எங்கள் பழைய காரில் நானும் அவரும் மேட்டுப்பாளையம் போனோம். வழியெல்லாம் பாக்குத் தோப்பு, காற்றில் ஆடிக்கொண்டு.

டீக்கடை வாசலில் பெஞ்சில் குடும்பமே உட்கார்ந்திருந்தது. பழனிச்சாமி அண்ணன், அவர் மனைவி, மகள், மடியில் தூங்கிப்போன குழந்தை. மருமகன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மாமனாரிடம் சத்தமாகவே சொன்னார்.

"எஞ்சின் பூட்டத் தெரியாதவங்ககிட்ட எதுக்குங்க மாமா குடுத்தீங்க?"

பழனிச்சாமி அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "மாப்ள, கொஞ்சம் பொறுங்க" என்று தடுமாறினார்.

"அவரு கேக்கறது நியாயந்தானுங்கண்ணா" என்றார் சிவா. சாவியை அந்த மருமகனிடமே நீட்டினார். "கிளட்ச் கொஞ்சம் கெட்டியா இருக்குமுங்க. மத்தபடி பிரேக்கெல்லாம் போன வாரந்தான் பார்த்தேன். குழந்தைக்குப் பின்னாடி சீட்ல வெயில் படாதுங்க."

பைகளை அவரே ஒவ்வொன்றாகத் தூக்கி எங்கள் காரில் வைத்தார். கூடையில் புளிச்சோற்று வாசம். அவர்கள் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். வந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

புகையாத காரின் உபகாரம்

பழனிச்சாமி அண்ணன் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பினோம். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். எஞ்சினை அணைக்காமல் நின்றார். ரயில் வந்து போய், கேட் திறக்கிற நேரத்தில் என்னை இறங்கிப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். பின்னால் நின்ற லாரிக்காரர் நான் என்னவோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார். காரை ஓர் உறுமல் உறுமவிட்டார். குழாயின் வாயில் வெறும் காற்று.

ஏறி உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்றேன்.

"அதே எஞ்சின், அதே ரிங்கு, அதே டர்போ. ஒண்ணு புகையுது, ஒண்ணு புகையல." அன்று முதல்முறையாக அவர் முகம் இளகியது. "கலா, இது நல்ல சேதி."

எனக்கு அப்போது புரியவில்லை. பட்டறையில் இரண்டு கார்களையும் அருகருகே நிறுத்திப் பானெட்டுகளைத் திறந்ததும் புரிந்தது. அவருக்கு இப்போது ஒப்பிட ஒரு நல்ல வண்டி கிடைத்துவிட்டது. எங்கள் அலுவலகத்திலும் இதைத்தான் செய்வோம். ஓடுகிற புரோகிராமையும் ஓடாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரியில் வித்தியாசம் என்று தேடுவோம். ஆனால் தன் பெயர் போகப்போகிறது என்று பயந்திருக்கும் வேளையில் அப்படி நிதானமாகத் தேட என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

முதலில் ரிங்குகள். ஆயில் அளக்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளையின் மேல் ரப்பர் கையுறை ஒன்றைக் கட்டினார். எஞ்சினின் அடிவயிற்றில் அழுத்தம் இருந்தால் கையுறை விரல் விரித்து எழுந்து நிற்கும். இரண்டு வண்டியிலும் கட்டி, எஞ்சினை நன்றாக விரட்டினார்கள். இரண்டு கையுறையும் எழவில்லை. துவண்டு கிடந்தன.

யூசுப் பெருமூச்சு விட்டார். "அப்ப உன் ரிங்கு மேல குத்தமில்ல."

"ரிங்கு மேல இல்ல. ஆனா ஆயில் கீழ எறங்கல. எறங்கற வழி ஒண்ணுதான்."

"ஹோஸ்ல காத்தடிச்சுப் பார்த்தோமே."

"காத்து போச்சு. ஆயில் போகுமான்னு பார்க்கலியே."

எஸ்தர் காரில் டர்போவுக்குக் கீழே இருந்து எஞ்சினுக்குப் போகும் அந்த ரப்பர் ஹோஸை மறுபடி கழற்றினார். ஒரு சாண் நீளம். வெளியே பார்த்தால் பளபளவென்று புதுசு. மடிப்பில்லை, வெடிப்பில்லை. கடைக்காரர் ஆயிலுக்கென்றே செய்தது என்று சொல்லிக் கொடுத்த சரக்கு. அதை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, மேலிருந்து ஒரு டம்ளர் ஆயிலை இளஞ்சூடாக்கி ஊற்றினார்.

கடகடவென்று கீழே வந்து விழ வேண்டியது, நூலாக இறங்கியது. மேலே ஆயில் தேங்கி நிரம்பி என் கையில் வழிந்தது.

யூசுப் பிளேடை எடுத்து ஹோஸை நெடுக்காகக் கீறினார். உள்ளே ரப்பர், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கொழகொழவென்று கிடந்தது. நடுவில் பென்சில் போகும் அளவுக்குக்கூட வழி இல்லை. காற்று அந்த இடுக்கில் சுலபமாகப் போய்விடும். கெட்டியான ஆயில் தானாக இறங்க வேண்டிய இடம் அது, தள்ளிவிட ஆள் கிடையாது. சும்மா நிற்கும்போது தேங்கி, மேலே ஏறி, டர்போவுக்குள் கசிந்து, மிதித்ததும் மொத்தமாக எரிந்திருக்கிறது.

சிவா அந்த ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுக்கிய பள்ளம் அப்படியே நின்றது.

"வெளியவே பார்த்துட்டிருந்திருக்கேன்" என்றார்.

அப்புறம் பழனிச்சாமி அண்ணன் வண்டியிலிருந்த ஹோஸையும் கழற்றிக் கீறினார்கள். அதே சரக்கு. எஸ்தர் வண்டியில் அது சூடான குழாயை ஒட்டிப் போகிறது, டிராக்கில் சூடு இன்னும் அதிகமாக ஏறும், அதனால் முதலில் கெட்டது. இதில் இப்போதுதான் உப்ப ஆரம்பித்திருந்தது. நகத்தால் கீறினால் பசை போல ஒட்டியது.

யூசுப் அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். பிறகு, "திருப்பூருக்கு நான் போறேன். நீ போனா அந்தாளு மறுபடி பேசுவான், எனக்குத் தாங்காது" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கம்பிப் பின்னல் போட்ட நல்ல ஹோஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிக்கொண்டு போய், திருப்பூர்க்காரர் வாசலிலேயே மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனிதர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது என்று மற்றவர்கள் சொல்லக் கேள்வி.

ஹோஸ் விற்ற கடைக்கும் சிவா போனார். கீறிய துண்டுகளைக் கல்லா மேல் வைத்துவிட்டு, வேறு யாருக்கெல்லாம் இந்தச் சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாராம். கடைக்காரர் முதலில் முறைத்தாராம். பிறகு துண்டை வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, சுருளை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு, தானே போனை எடுத்தாராம்.

மருமகனின் கேள்வி

மறுநாள் ஞாயிறு சாயந்திரம் கோத்தகிரியிலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் பட்டறைக்கே வந்தார்கள். பழனிச்சாமி அண்ணன் மனைவி, மலைக் காரட் ஒரு கட்டை என் கையில் திணித்தார். "குளிருன்னா குளிரு அம்மணி! புள்ளை தும்மிட்டே இருந்துச்சு" என்றார். வண்டி மாறியதைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை.

மருமகன் மேஜைமேல் இருந்த துண்டுகளைப் பார்த்தார். சிவா அவர்கள் வண்டியிலும் புது ஹோஸ் மாட்டியிருப்பதைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீங்கள் அன்றைக்கு மலை ஏறியிருந்தால் பத்திரமாகவே திரும்பி வந்திருக்கவும் கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"இதுல எது எங்களுது?"

சிவா எடுத்துக் கொடுத்தார். மருமகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தை விரலால் தடவினார். விரலைச் சட்டையில் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டார்.

"அடுத்த சர்வீசுக்கு வரப்போ சொல்லாமயே மாத்திப்போட்டிருக்கலாமே. எங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

"மாத்தியிருக்கலாமுங்க" என்றார் சிவா.

மருமகன் அந்தத் துண்டை மேஜைமேல் வைத்தார். கழற்றி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, மாமனாருக்கு முன்னால் போய் அவருடைய காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "அண்ணா, வாரனுங்க" என்றார். போகும்போது 'வாரேன்' என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனாலும் அன்றைக்கு அந்த 'அண்ணா' எனக்குத் தனியாகக் கேட்டது.

மில் சுவருக்கு முன்னால்

எஸ்தர் திங்கட்கிழமை காலையில் வந்தாள். கிளினிக்கைப் பிற்பகலுக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஈரோட்டிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். நானும் ஆபீசுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு நின்றேன். புது ஹோஸ் மாட்டியாயிற்று. அவளுடைய பழைய டர்போவையே திரும்பப் பொருத்தியிருந்தார்கள். அது முதல் நாளிலிருந்து எந்தத் தப்பும் செய்யாத டர்போ.

ஸ்டார்ட் செய்து ஓட விட்டார்கள். குழாயில் மிச்சமிருந்த பழைய ஆயில் எரிந்து முதலில் கொஞ்சம் புகை வந்தது. அது வரும் என்று சிவா முன்னமே சொல்லியிருந்தார். சாலையில் ஒரு நீண்ட சுற்று போய்விட்டு வந்தாள். மறுபடி நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் சும்மா ஓடவிட்டார்கள். இந்த முறை யாரும் டீ வாங்கப் போகவில்லை. யூசுப் கிழிந்த துணி ஒன்றை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எஸ்தர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஜெபித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் காருக்குப் பின்னால், குழாய்க்கு நேரே, மில் சுவரைப் பார்த்தபடி நின்றேன். சுவரின் வெடிப்பில் முளைத்த அரசஞ்செடி ஒன்று, தளிர் விட்டிருந்தது.

"டாக்டரம்மா, மிதிங்க!" என்று யூசுப் கத்தினார்.

எஞ்சின் வீறிட்டது. சூடான காற்று குழாயிலிருந்து பாய்ந்து என் சுடிதாரைப் படபடக்க வைத்தது. மண்ணும் சருகும் பறந்தன. சூட்டில் சுவர் தண்ணீருக்குள் இருப்பது போல நெளிந்தது. அரசந்தளிரின் சிவப்பு, நரம்பு நரம்பாக, தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது. எஸ்தர் காலை எடுத்தாள். மறுபடி மிதித்தாள். மறுபடியும் தளிர் தெரிந்தது.

நான் திரும்பி சிவாவைத் தேடினேன். அவர் காரின் முன்பக்கத்தில், திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடமாகப் புகையைத் துரத்தித் துரத்திப் பார்த்த மனிதர், அந்த நேரத்தில் குழாய் இருக்கும் பக்கமே பார்க்கவில்லை. காரின் முழு நீளத்துக்கும் அந்தப்பக்கமிருந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் நடந்து வந்து குனிந்து பார்த்தார்.